குதிரைக்குக் குலம் எழுதியவர்கள்

கல்லூரி விழா ஒன்றில் சிறப்புரையாற்ற வந்திருந்தார் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். நமக்குப் பாடம் சொன்னவர். தொல்காப்பியக் களவியலை அவர் நடத்தியதுபோல் நடத்த இன்றும் நமக்கு வாய்க்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பண்டைத் தமிழர் மணமுறைகள் பற்றியது உரை. முக்கால் மணிநேரம் ஆற்றொழுக்காகப் போய்க்கொண்டிருந்த பேச்சு, முடிகிற இடத்தில் திடீரென்று கிண்டிப் பந்தயத் திடலுக்குப் போனது. "ஓடுகிற குதிரைக்கே பத்துத் தலைமுறை பார்த்து ஏடு எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். அதை அறிவியல் என்கிறீர்கள். பெற்ற பெண்ணுக்கு நாம் குலம் பார்த்தால் மட்டும் பிற்போக்கா?" என்றார் ஐயா. அரங்கம் கைதட்டியது.

மூன்றாம் வரிசையில் நம் பழைய முதுகலை மாணவி ஒருத்தி கணவனோடு அமர்ந்திருந்தாள். சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். பிறந்த வீட்டின் வாசற்படி ஏறமுடியாதவள். கைதட்டல் ஓய்வதற்குள் இருவரும் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்கள். நன்றியுரை நம்முடையது. ஐயாவின் உரை நம் சிந்தனையைத் தூண்டியது என்று சொல்லி அமர்ந்தோம்.

அன்று எழுந்து மறுக்காதவர்கள் இன்று எழுத்தில் மறுப்பது வீரமாகாது என்பது தெரியும். ஆயினும் அந்தக் குதிரை நம்மை விடவில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் ஒப்புமை கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிய வழி. அந்த வழியை நாம் எடுக்கப்போவதில்லை. ஐயா கூப்பிட்ட சாட்சியையே கூண்டிலேற்றுவோம். தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரையின் கதையைத் தெரிந்துகொண்டவர் எவரும் அதைக் குலப்பெருமைக்குச் சாட்சியாக அழைக்கமாட்டார்.

கதையைத் தெரியாதவர்கள் சொல்லும் கதை இது: பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து மூன்று ஆண் குதிரைகள் இங்கிலாந்துக்கு வந்தன. கேப்டன் ராபர்ட் பயர்லியின் குதிரை ஒன்று. துருக்கியரோடு நடந்த போரில் கைப்பற்றப்பட்டது என்பார்கள். 1690இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரில் பயர்லி அதன்மீதேறிச் சென்றதாகச் சொல்வார்கள். அடுத்தது, 1704இல் தாமஸ் டார்லி என்ற வணிகர் சிரியாவின் அலெப்போவிலிருந்து யார்க்‌ஷயரிலுள்ள தம் குடும்பத்துக்கு அனுப்பியது. மூன்றாவது, பிரான்சு வழியாக வந்து கொடால்ஃபின் பிரபுவின் லாயத்தைச் சேர்ந்தது. இது பாரிசு நகரத் தெருவில் தண்ணீர் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது என்றொரு கட்டுக்கதையும் உண்டு. இன்று உலகெங்கும் ஓடும் பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் இம்மூன்றில் ஒன்றைத்தான் போய்ச் சேரும். மூவேந்தர் மரபுபோல் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது அல்லவா?

இம்மூன்றின் பெயர்களைப் பாருங்கள். பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். முன்பாதி உடைமையாளர் பெயர். பின்பாதி, எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னாரோ அது. 'அரேபியன்' என்பது அன்றைய இங்கிலாந்தில் இனப்பெயராக இருந்ததைவிட விலையேற்றும் சொல்லாகவே இருந்தது. கொடால்ஃபினின் குதிரை அரபுக் குதிரையா, வட ஆப்பிரிக்கப் பார்ப் குதிரையா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. தந்தைவழியில் மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, பந்தயக் குதிரைகளின் ஆண்வழியை நடு ஆசியத் துருக்மேனியக் குதிரைகளின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போய், அரபுக் குதிரை இனத்தின் பங்கு பந்தயக் குதிரையில் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை என்றே சொல்லிவிட்டது. முந்நூறு ஆண்டுகளாக ஏலக்கூடத்தில் கூவி விற்ற குலப்பெயரின் கதி இது!

இனி ஐயா சொன்ன ஏட்டுக்கு வருவோம்.

ஜேம்ஸ் வெதர்பி என்பவர் 'ஜெனரல் ஸ்டட் புக்' என்னும் வம்சாவளி ஏட்டின் முன்னோடித் தொகுப்பை 1791இல் வெளியிட்டார். அதாவது, டார்லியின் குதிரை கப்பலேறி 87 ஆண்டுகள் கழித்து. பயர்லியின் குதிரைக்கோ நூறாண்டுகளுக்குப் பின். இடைப்பட்ட காலத்துக்கு அவருக்குக் கிடைத்தவை பழைய பந்தய முடிவுகள், பிரபுக்களின் லாயக் குறிப்புகள், விற்பனைத் தாள்கள், வாய்மொழி. வெதர்பி இந்த வேலையில் இறங்கியது குருதித் தூய்மையைக் காப்பதற்காகவும் அன்று. பந்தயத்தில் பெரும்பணம் புரளத் தொடங்கியிருந்தது. வயது கூடிய குதிரையை இளங்குதிரை என்று ஓடவிடுவதும், ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்பதும், இல்லாத தந்தையை உண்டாக்கிக் கொடுப்பதும் வழக்கமாயிருந்தன. பந்தயம் கட்டுபவர் ஏமாறாமலிருக்க ஒரு பதிவேடு வேண்டியிருந்தது. நம்மூரில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குகிறோமே, அவ்வளவுதான். வில்லங்கச் சான்றை வேதமாக்கியது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம்.

ஏட்டின் பழைய பக்கங்களில் தாய்க்குதிரைகள் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்த்தால் தமிழ் படித்தவருக்குச் சற்று வலிக்கும். பலவற்றுக்குப் பெயரே இல்லை. இன்ன ஆண்குதிரையின் மகள், இன்ன குதிரையின் உடன்பிறந்தாள், இன்ன சீமானின் பெட்டை. அவ்வளவே. சங்கப் பாடல்களில் தலைவிக்குப் பெயர் இல்லாதது இலக்கண மரபு. இங்கே அது வெறும் அலட்சியம். பெயர் பெற்ற சிலவற்றுள் ஒன்று 'ஓல்ட் பால்ட் பெக்'. முகத்தில் வெள்ளை படர்ந்த கிழட்டுப் பெக் என்று பொருள் கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்தப் பெட்டையின் குருதி ஓடாத பந்தயக் குதிரை இன்று இருப்பது அரிது. அதன் பெற்றோருக்கு ஏட்டில் பெயரில்லை.

பெயரில்லாத இந்தத் தாய்களிடம்தான் மெய்யான செய்தி இருந்தது. தாய்வழியில் மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைக் கொண்டு 2002இல் தாய்வழிக் குடும்பங்களைச் சோதித்தபோது, சிலவற்றில் ஏடு சொல்வதும் உயிரணு சொல்வதும் ஒத்துப்போகவில்லை. தொடக்ககாலப் பதிவுகளிலேயே பெட்டைகள் மாறிப்போயிருக்கின்றன. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு, தாய்வழியில் பெரும்பங்கு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏற்கெனவே இருந்த நாட்டுக் குதிரைகளுடையது என்று காட்டியது. கீழைநாட்டு ஆண்கள் வந்து உள்ளூர்ப் பெட்டைகளோடு கூடிப் பிறந்த கலப்பினம் இது. குலக்கலப்பு என்று ஐயா எதைச் சொல்லிப் பதறினாரோ, அதுதான் இந்தக் குதிரையின் பிறப்புச் சான்றிதழ்.

இதைவிடச் சுவையானது வேகத்தின் கதை. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்டாட்டின் என்னும் மரபணு குதிரையில் இரு வடிவங்களில் உண்டு. அவற்றுக்கு 'சி', 'டி' என்று பெயரிட்டுள்ளனர். இரு பெற்றோரிடமிருந்தும் 'சி' பெற்றது குறுந்தூரத்தில் பாயும். இரண்டும் 'டி' ஆக அமைந்தது நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். இரண்டிலும் ஒவ்வொன்று பெற்றது இடைத்தூரத்துக்கு ஏற்றது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எமிலின் ஹில்லும் அவர் குழுவினரும் இதை 2010இல் வெளியிட்டனர். அந்த 'சி' வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனார்கள். இன்று ஏலத்தில் கோடிகளைக் கொட்ட வைக்கும் அந்தத் துண்டு, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை இந்த இனத்துக்குள் நுழைந்தது; கொண்டுவந்தது பெரும்பாலும் ஒரு பிரிட்டன் நாட்டுப் பெட்டைக் குதிரையாக இருக்கலாம் என்று 2012இல் எழுதினார்கள். மூவேந்தரை ஏட்டின் முகப்பில் எழுதினார்கள். வேகத்தைக் கொடுத்தவள் ஊரும் பேரும் தெரியாத ஒரு மட்டக் குதிரை!

அவ்வேகமும் எக்காலத்துக்கும் சிறப்பாக மதிக்கப்பட்டதில்லை. தொடக்ககாலப் பந்தயங்கள் நான்கு மைல் தூரம். வளர்ந்த குதிரைகள் பெருஞ்சுமை தாங்கி ஒரே நாளில் இருமுறை, மும்முறை ஓடவேண்டும். அங்கே வென்றது பொறுமை. 1776இல் செயின்ட் லெஜர், 1779இல் ஓக்ஸ், 1780இல் டெர்பி என்று மூன்று வயதுக் குட்டிகளுக்கான குறைந்த தூரப் பந்தயங்கள் வந்தன. முதல் டெர்பி ஒரு மைல்தான். சீக்கிரம் வளர்த்து, சீக்கிரம் ஓடவிட்டு, சீக்கிரம் காசு பார்க்கும் ஏற்பாடு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகழ்பெற்ற ஆண்குதிரைகளின் எலும்புகளைச் சோதித்தால் 'டி' வடிவமே மிகுந்திருக்கிறது. அவை இன்றைய குறும்பந்தயங்களில் பின்தங்கிப் போயிருக்கக்கூடும். சந்தை பந்தயத்தை மாற்றியது; பந்தயம் குதிரையை மாற்றியது. இதில் மாறாத குலகுணம் எங்கே இருந்தது?

எக்லிப்ஸ் என்ற குதிரையைச் சொல்லாமல் இக்கதை நிறைவுறாது. 1764ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் அந்தப் பெயர். ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்கவில்லை. டார்லி அரேபியனின் ஆண்வழி இன்று உலகை ஆள்வதற்கு எக்லிப்சே காரணம். வளர்த்த கம்பர்லாந்து கோமகன் மறுஆண்டே இறந்துபோக, வில்லியம் வைல்ட்மன் என்ற இறைச்சி வணிகர் 75 கினி கொடுத்துக் குட்டியை வாங்கினார் என்பது வழக்கு. அதன் தந்தையான மார்ஸ்க்கைக் கோமகனின் லாயத்தார் அற்ப விலைக்குத் தள்ளிவிட்டிருந்தனர். மகன் வெல்லத் தொடங்கிய பிறகுதான் தந்தைக்கு மதிப்பு வந்தது. தந்தையால் மகன் உயர்ந்ததாக ஏடு சொல்கிறது, நடந்தது தலைகீழ். இன்னொன்றும் உண்டு. எக்லிப்சின் தாயை அந்தப் பருவத்தில் மார்ஸ்க்கோடு மட்டுமின்றி ஷேக்ஸ்பியர் என்ற இன்னொரு பொலிகுதிரையோடும் சேர்த்திருந்தார்கள் என்ற பேச்சு அந்நாளிலேயே எழுந்து, தகராறு வெகுகாலம் நீடித்தது. பந்தயக் குதிரைக் குலத்தின் பெருந்தந்தைக்கே தந்தை யார் என்ற வழக்கு இருந்திருக்கிறது. அதனால் அது ஒரு கெஜம்கூட மெதுவாக ஓடிவிடவில்லை.

* * *

குலத்தூய்மை என்ற சொல் குதிரை உலகில் சட்டமானது எப்போது என்று பார்த்தால், ஐயாவின் வாதத்துக்கு அடித்தளமே இல்லாமல் போகும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1908இல் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 1911, 1912 ஆகிய ஆண்டுகளில் அங்கே பந்தயமே நடக்கவில்லை. வேலையிழந்த அமெரிக்கக் குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்தன. வந்தவை ஓடின, வென்றன. இங்கிலாந்தில் குதிரை வளர்த்து விற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1913இல் ஜெர்சி பிரபுவின் முன்னெடுப்பில் வம்சாவளி ஏட்டின் விதி மாற்றப்பட்டது. ஏற்கெனவே ஏட்டில் இடம்பெற்ற குதிரைகளை எல்லாக் கிளைகளிலும் குறைவறப் போய்ச்சேராத எதற்கும் இனி இடமில்லை. அமெரிக்கப் பதிவுகள் பல உள்நாட்டுப் போரில் அழிந்திருந்தன. பதினாறு முறை அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரையாக விளங்கிய லெக்சிங்டனின் வழியிலேயே ஏட்டில் காட்டமுடியாத இடைவெளி இருந்தது. லெக்சிங்டன் குருதி கலவாத அமெரிக்கக் குதிரையைக் காண்பது அரிது. ஆக, ஒரே விதியால் ஒரு கண்டத்துக் குதிரைகள் 'அரைச்சாதி' ஆகிப்போயின. சாதி என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் அவர்கள் வழங்கிய சொல்லின் நேர்ப்பொருளே அதுதான்.

மறுஆண்டு, 1914இல், டெர்பியை வென்றது இரண்டாம் டர்பார். தாய் அமெரிக்கக் குருதி. ஏட்டின் விதிப்படி அரைச்சாதி! இங்கிலாந்தின் தலையாய பந்தயத்தை வென்ற குதிரைக்கு இங்கிலாந்தின் ஏட்டில் இடமில்லை. இந்த வேடிக்கை 35 ஆண்டுகள் நீடித்தது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் அந்த 'அரைச்சாதி' வழிகள் தழைத்துக்கொண்டே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக் குதிரைகள் ஆங்கிலேயப் பந்தயங்களை வாரிக்கொண்டு போயின. 1948இல் டூ தவுசண்ட் கினிஸ் பந்தயத்தை வென்ற மை பாபு, செயின்ட் லெஜரை வென்ற பிளாக் டார்க்வின் இரண்டுமே ஏட்டுக்குப் புறத்தவை. இனித் தாங்காது என்று 1949இல் விதியைத் தளர்த்தினார்கள். நேற்றுவரை கலப்பாக இருந்தவை மறுநாள் காலை தூயவை ஆயின. குருதியில் ஒரு துளி மாறவில்லை. மாறியது ஏட்டில் ஒரு பத்தி.

சந்தையைக் காக்க எழுப்பிய வேலிக்குத் தூய்மை என்று பெயர் வைத்தார்கள். வேலிக்கு வெளியே இருப்பவன் வெல்லத் தொடங்கியதும், வேலியைத் தள்ளி நட்டுக்கொண்டார்கள். நிலமும் நீரும் கோயில் முதல்மரியாதையும் யாருக்கு என்பதைக் குலம் என்ற பெயரால் தீர்த்துவைத்த ஊர்களில் பிறந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டுமா?

குலத்தை எண்ணில் அடக்கிவிடலாம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியரான புரூஸ் லோ, ஏட்டின் பழைய தாய்க்குதிரைகள்வரை பின்னோக்கிச் சென்று, டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய மூன்றிலும் எந்தத் தாயின் வழி அதிக வெற்றி பெற்றதோ அதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று வரிசையெண் கொடுத்தார். அவர் இறந்தபின் 1895இல் நூல் வெளிவந்தது. முதல் எண் குடும்பத்துப் பெட்டைக்காக வளர்ப்போர் அலைமோதினர். அவர் பார்க்கத் தவறியது சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஒரு குடும்பத்தில் ஆயிரம் குதிரைகளும் இன்னொன்றில் நூறும் இருந்தால், வெற்றி எதில் அதிகமிருக்கும்? ஓடியவற்றின் எண்ணிக்கையால் வகுக்காமல் வென்றவற்றை மட்டும் எண்ணினார். நம்மிடமும் இந்தக் கணக்கு உண்டு. பள்ளிக்கூடத்து வாசலில் யாரையெல்லாம் தடுத்து நிறுத்தினோம் என்பதை எண்ணாமல், உள்ளே தேறியவர்கள் எந்தக் குலம் என்று மட்டும் எண்ணுவது.

ஒப்புக்கு இத்தாலியின் ஃபெடரிகோ டெசியோவைப் பாருங்கள். மஜ்ஜோரே ஏரிக்கரையில் டோர்மெல்லோ என்னுமிடத்தில், பெருஞ்செல்வரோடு ஒப்பிட்டால் சிறிய அளவிலேயே பெட்டைகளை வைத்துக்கொண்டு வளர்த்தவர். 1915இல், உலகப் போருக்கு நடுவே, நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெட்டையை 75 கினிக்கு வாங்கினார். (எக்லிப்சுக்குச் சொன்ன அதே விலை. தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கத் தோன்றுகிறது.) கேட்னிப்பின் மகள் நொகாரா, நொகாராவின் மகன், 14 பந்தயங்களில் ஒன்றிலும் தோற்காத நியார்கோ. டெசியோ தம் லாயத்துக் குதிரைகளையே தமக்குள் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை. வெவ்வேறு நாட்டுப் பொலிகுதிரைகளைத் தேடித் தம் பெட்டைகளை அனுப்பினார். வென்ற நியார்கோவையே 1938இல் விற்றுவிட்டார். ஏட்டைப் படித்தவர்தாம் அவரும். ஆனால் ஏட்டைவிடக் குதிரையைப் பார்த்தவர்.

நியார்கோவின் பேரன் நார்தர்ன் டான்சர், 1961இல் கனடாவில் பிறந்தது. குள்ளம். கேட்ட விலை 25,000 டாலர், வாங்க ஆளில்லை. வளர்த்தவரே வைத்துக்கொண்டார். 1964இல் கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடிச் சாதனை படைத்தது. 1980களில் அதனோடு ஒரு பெட்டையைச் சேர்க்கப் பத்து லட்சம் டாலர்வரை கொடுத்தார்கள். அதன் மகன் ஸ்னாஃபி டான்சர் 1983இல் குட்டியாகவே 1.02 கோடி டாலருக்கு ஏலம்போனது. ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. இனப்பெருக்கத்திலும் நான்கே குட்டிகள்! 2006இல் 1.6 கோடி டாலருக்குப் போன கிரீன் மங்கி மூன்று முறை ஓடி ஒருமுறையும் வெல்லவில்லை. மறுபக்கம், 1,100 டாலருக்கு விலைபோன ஜான் ஹென்றி, காயடிக்கப்பட்ட குதிரை, 65 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வென்றது. யாரோ 30,000 டாலருக்குக் கழித்துவிட்ட ரிச் ஸ்டிரைக் 2022இல் கென்டக்கி டெர்பியை வென்றது. இவையெல்லாம் விதிவிலக்குகள் என்பீர்களாயின், 2008இல் பிரிட்டனில் வெளியான ஆய்வைப் பாருங்கள். குதிரைகளின் வாழ்நாள் பரிசுப்பண வேறுபாட்டில் மரபின் பங்கு சுமார் 10 விழுக்காடு மட்டுமே. எஞ்சியது தீவனம், பயிற்சி, ஜாக்கி, எந்தப் பந்தயத்தில் இறக்குகிறார்கள் என்னும் தேர்வு. விலையுயர்ந்த தந்தையின் குட்டிகள் ஓரளவு கூடுதலாகச் சம்பாதிக்கத்தான் செய்கின்றன. அத்தனை விலை கொடுக்கக்கூடியவனால் நல்ல பயிற்சியாளரையும் அமர்த்த முடியும் என்பது அதற்கு முக்கியக் காரணம். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மூன்று தனிப்பயிற்சி ஆசிரியர்களை வைத்துவிட்டு, மதிப்பெண் வந்ததும் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்பார்களே, அந்தக் கதைதான்.

மூடிய ஏட்டுக்குள்ளேயே முந்நூறு ஆண்டு சுற்றியதன் விலை இப்போது தெரிய வருகிறது. 2001இல் வெளிவந்த கணக்கின்படி, இன்றைய பந்தயக் குதிரைகளின் தந்தைவழிகளில் 95 விழுக்காடு ஒரே ஆண்குதிரையைச் சேர்பவை. தாய்வழிகளில் 72 விழுக்காடு பத்தே பெட்டைகளைச் சேர்பவை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், 97 விழுக்காட்டின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருந்தது. ஐம்பதாண்டுகளாக உறவுக்குள் கலப்பு ஏறிக்கொண்டே வருவதும் தெரிந்தது. 2022இல் அதே டப்ளின் குழுவினர் எழுதியது இன்னும் கடுமை: உறவுக் கலப்பின் அளவு 10 விழுக்காடு கூடினால், அந்தக் குட்டி வாழ்நாளில் ஒருமுறையேனும் பந்தயத்தில் ஓடுவதற்கான வாய்ப்பு விகிதம் 44 விழுக்காடு குறைகிறது. வெல்வதன்று, ஓடுவதே.

அமெரிக்காவின் ஜாக்கி கிளப் விழித்துக்கொண்டு, ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக்கூடாது என்று 2020இல் விதி செய்தது. பெரும் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. 2022இல் விதி திரும்பப் பெறப்பட்டது. குலம் காக்கப் பிறந்த ஏடு, குலம் அழியாதிருக்கச் செய்த ஒரே ஏற்பாட்டைச் சந்தைக்கு முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஐயாவின் ஒப்புமையில் இன்னோர் ஓட்டையையும் சொல்லவேண்டும். குதிரை வளர்ப்பவன் குலம் பார்த்தாலும் அதோடு நிற்பதில்லை. டெர்பி வென்ற தந்தைக்குப் பிறந்ததாயினும், ஓடாத குட்டியைக் கழித்துவிடுகிறான். இரக்கமற்ற வேலை, நாம் அதைப் புகழவில்லை. ஆயினும் அங்கே ஒரு பந்தயம் இருக்கிறது. நம் குலங்கள் எந்தப் பந்தயத்தில் ஓடி இந்த இடத்தைப் பெற்றன? எந்த மகன் ஓடவில்லை என்று எந்தக் குலம் தன் மேன்மையை விட்டுக்கொடுத்தது? இங்கே பிறப்பே கோப்பை. நல்ல குதிரையை வளர்த்தெடுப்பதுபோல் நல்ல மனிதரையும் வளர்த்தெடுக்கலாம் என்று 1869இல் எழுதிய ஃபிரான்சிஸ் கால்டனும் இந்த இடத்தில்தான் வழுக்கினார். சாதியை அந்த இனமேம்பாட்டு வாதத்தால் தாங்கிப்பிடிக்க முயன்றவர்களை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எதிர்கொண்டுவிட்டார். எண்பது ஆண்டு கடந்தும் நாம் அதே குதிரையைக் கயிறு மாற்றிக் கொண்டுவந்து கட்டுகிறோம்.

ஐயாவின் மேல் நமக்கு மரியாதை குறையவில்லை. களவியல் நடத்தியவர் அவர். கொடுப்போர் இன்றியும் மணம் உண்டு என்பதை நமக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். அன்றைய மேடையில் மட்டும் ஏனோ மறந்துபோனார். இதன் அச்சுப்படி ஒன்றை அவருக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். அந்த மாணவியின் இப்போதைய முகவரியை அவள் தோழியிடம் கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் அவளுக்கும் ஒன்று போகும். நன்றியுரையில் சொன்னதை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.